பலகாரக் கைமாற்று: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தீபாவளிக்கு ஆறு வாரம் இருக்கும்போதே எங்கள் குடும்பத்து வாட்ஸ்அப் குழு விழித்துக்கொள்ளும். "அக்கா, அந்த நெய் பிஸ்கட் அளவை இன்னொரு தடவை போடுங்க." "அத்தை, மைதா எத்தனை கப்னு சொன்னீங்க?" சித்தப்பா மகள், அலுவலகத் தோழி, எதிர்வீட்டு மலாய்க்கார அக்கா, மகனோடு தேசிய சேவை செய்த பையனின் அம்மா என்று கேட்பவர்கள் வருஷா வருஷம் கூடிக்கொண்டே போகிறார்கள். கேள்விகள் மட்டும் மாறுவதில்லை. சரி, ஒரே இடத்தில் எழுதிவைத்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். சமையல்கலை படித்தவள் இல்லை நான். சிங்கப்பூர் ஈசூனில் ஒரு நான்கறை வீட்டில் முப்பது வருஷமாக மாவு பிசைகிறவள்.

அம்மாவிடம் அளவு கேட்டால் "எல்லாம் கண்ணளவுதான்" என்கிறார். எப்படி எழுதி வாங்குவது?

கேட்டு வாங்க முடியாது. பக்கத்தில் நின்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

தோ பாயோவில் இருந்த என் பெரியம்மா அச்சு முறுக்குக்குப் பேர்போனவர். தொலைபேசியில் மூன்று முறை கேட்டு எழுதினேன். மூன்று முறையும் வேறு வேறு அளவு. வேண்டுமென்றே மாற்றிச் சொல்கிறாரோ என்றுகூட நினைத்தேன். நாலாவது முறை தராசைத் தூக்கிக்கொண்டு நேராகப் போய்விட்டேன். "நீ பாட்டுக்கு எழுதிக்கோ, என்னை மட்டும் நிறுத்தி நிறுத்திக் கேட்காதே" என்றார். அதுவும் நியாயம்தான். கை ஓடிக்கொண்டிருக்கும்போது நிறுத்தினால் அவருக்கே கணக்கு மறந்துவிடும்.

அப்போது கண்டுபிடித்த வழி இது. சமைக்கிறவர் கையில் தராசைக் கொடுக்காதீர்கள். அவர் தொடங்கும் முன்பே அரிசி மாவு டப்பாவை எடைபோட்டுக் குறித்துவிடுங்கள். சீனி டப்பா, தேங்காய்ப் பால் ஜாடி, நெய் பாட்டில் எல்லாவற்றையும் அப்படியே. அவர் இஷ்டத்துக்கு அள்ளட்டும், ஊற்றட்டும், "கொஞ்சம் காணாது" என்று இன்னொரு பிடி போடட்டும். எல்லாம் முடிந்த பிறகு டப்பாக்களை மறுபடி நிறுங்கள். முன்னே இருந்ததில் பின்னே இருப்பதைக் கழித்தால் வருவதுதான் அவருடைய கண்ணளவு. பெரியம்மா அன்று அளந்தது விளிம்பு நசுங்கிய, லேபிள் இல்லாத ஒரு பழைய கண்டென்ஸ்டு மில்க் டின்னில். அதில் தலைதட்டியும் போடுவார், கோபுரமாகவும் போடுவார். மூன்று அளவுக்கும் காரணம் அதுதான். பாவம், மறைக்க ஒன்றுமே இல்லை.

எடைக்குள் வராததும் உண்டு. அச்சை முதலில் எண்ணெயிலேயே போட்டுச் சூடாக்கினார். அச்சு சூடாக இல்லாவிட்டால் மாவு ஒட்டாது. மாவில் அச்சின் முக்கால் உயரம்தான் முக்கினார். மேல்விளிம்பையும் மாவு மூடிவிட்டால் முறுக்கு அச்சை விட்டுக் கழலாது. மாவு பதமா என்று பார்க்க விரலை விட்டு எடுத்தார். விரலில் உறை போட்ட மாதிரி ஒட்டி, நுனியில் ஒரே ஒரு சொட்டு தயங்கி விழுந்தது. "இதையெல்லாம் ஏன் பெரியம்மா சொல்லவே இல்லை?" என்றேன். "இதுகூடவா சொல்லணும்?" என்றார்.

ஆகவே காணொளி எடுப்பதானால் முகத்தை எடுக்காதீர்கள், கையை எடுங்கள். எண்ணெயின் சத்தமும் பதிவாகட்டும். சலசலப்பு அடங்குவதைக் கேட்டுத்தான் அவர்கள் திருப்பிப் போடுகிறார்கள்.

பழைய குறிப்பில் "ஒரு காட்டி", "ஒரு டின்", "ஒரு கப்" என்று இருக்கிறது. கிராமில் எவ்வளவு?

காட்டி என்றால் சுமார் 600 கிராம். அதில் 16 தாயில். ஒரு தாயில் ஏறக்குறைய 38 கிராம். சிங்கப்பூரில் மெட்ரிக் அளவு பரவியது 1970களில். அதற்கு முன் எழுதிய நோட்டுகளில் இவைதான் இருக்கும். ஈரச்சந்தையில் வயதான கடைக்காரர்கள் சிலர் இன்றும் காட்டிக் கணக்கில் பேசுவதைக் கேட்கலாம்.

டின் என்பது அந்த வீட்டு டின். எழுதியவரைக் கேளுங்கள். அவர் இல்லையென்றால், மாவுக்கும் சீனிக்கும் ஒரே டின்தான் என்று வைத்துக்கொண்டு விகிதத்தைப் பிடியுங்கள். "இரண்டு டின் மாவுக்கு ஒரு டின் சீனி" என்றால் எந்தப் பாத்திரத்தில் அளந்தாலும் அது இரண்டுக்கு ஒன்றுதான்.

கப்தான் பெரிய வில்லங்கம். ஆஸ்திரேலியக் குறிப்பில் வரும் கப் 250 மில்லி. அமெரிக்கக் கப் சுமார் 240. நம் வீட்டில் கைக்கு முதலில் அகப்படுவதோ சோற்றுக் குக்கரோடு வந்த கப். அது 180 மில்லிதான். என் சித்தி மகள் ஒரு வருஷம் முழுக்க அந்தக் கப்பில் மாவை அளந்து, வெண்ணெயை மட்டும் கிராமில் நிறுத்துப் போட்டாள். பிஸ்கட் தட்டில் குளம் கட்டியது. ஆஸ்திரேலியாவில் மேசைக்கரண்டியும் பெரிது. அங்கே 20 மில்லி, மற்ற இடங்களில் 15.

250 மில்லி கப்பில் மைதாவைக் கரண்டியால் அள்ளி மெதுவாக நிரப்பினால் 125 கிராம் அளவில் வரும். கப்பை மாவுக்குள்ளேயே விட்டுக் கோரினால் 150கூட வந்துவிடும். ஒரே கப், ஒரே மாவு! இதற்காகத்தான் எல்லாரிடமும் ஒரு தராசு வாங்கச் சொல்கிறேன். இருபது வெள்ளிக்குள் கிடைக்கிறது.

நீங்கள் கொடுத்த நெய் பிஸ்கட் குறிப்பு எனக்கு வரவில்லை. எதையாவது மறைத்துவிட்டீர்களா?

இந்தக் கேள்வியை முதலில் கேட்டவர் என் அண்ணி. கேட்ட விதம்தான் வேறு. "நாத்தனார் புத்தியைக் காட்டிட்டியேம்மா" என்றார். மூன்று தட்டு பிஸ்கட் அடி கருகி, குப்பைக்குப் போன நாள் அது.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. என் வீட்டு மாவு, என் வீட்டு நெய், என் தட்டு எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு செங்காங்குக்குப் போனேன். அவர் சமையலறையில், அவர் கண்ணெதிரே, 180 டிகிரியில் வைத்தேன். பதினைந்தாவது நிமிஷம் எனக்கும் கருகியது. அண்ணி ஒரு வார்த்தை பேசவில்லை. தேநீர் போட்டுக் கொடுத்தார்.

திரும்பும் வழியில் ஓவனுக்குள் தொங்கவிடும் வெப்பமானி ஒன்று வாங்கினேன். என் ஓவனில் திருகை 180இல் வைத்தால் உள்ளே இருந்தது 160. அண்ணியின் ஓவனோ சொன்ன சூட்டை அப்படியே கொடுப்பது, போதாததற்கு உள்ளே காற்றாடி வேறு. காற்றாடி ஓவனில் குறிப்பில் சொன்னதைவிட 20 டிகிரி குறைத்து வைப்பது வழக்கம். ஆகப் பத்து வருஷமாக நான் எல்லாருக்கும் தப்பான சூட்டைத்தான் கொடுத்துவந்திருக்கிறேன். கூட வேலை பார்த்த தோழி ஒருத்தி மட்டும் தானாகவே சூட்டைக் குறைத்து நன்றாகச் செய்துகொண்டிருந்தாள். என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நான் வருத்தப்படுவேன் என்று நினைத்தாளாம்.

திருத்திய குறிப்பு: மைதா 350 கிராம், நெய் 200 கிராம், சலித்த ஐசிங் சீனி 150 கிராம், சமையல் சோடா அரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. வாசனைக்கு ஏலக்காயோ வெனிலாவோ உங்கள் விருப்பம். உள்ளே உண்மையாகவே 160 டிகிரி இருக்க வேண்டும். பதினெட்டிலிருந்து இருபது நிமிஷம்.

நெய் எந்த நிலையில் இருக்கிறது என்பதில்தான் பாதி பேருக்குக் கோளாறு. நம் ஊர் வெக்கையில் மேசைமேல் வைத்த நெய் மதியத்துக்குள் எண்ணெயாக உருகி நிற்கும். அதை ஊற்றிப் பிசைந்தால் உருண்டை ஓவனுக்குள் போனதும் பரந்து அப்பளமாகிவிடும். மணல்மணலாக, பாதி உறைந்த பதத்தில் வேண்டும். உருகியிருந்தால் குளிர்பதனப் பெட்டியில் கால் மணி நேரம் வைத்து, நடுவில் ஒரு தடவை கிளறிவிடுங்கள். நெய்யையும் சீனியையும் நிறம் வெளுக்கும்வரை அடித்துவிட்டு மாவைச் சேருங்கள். மொத்த மாவையும் ஒரேயடியாகக் கொட்டாதீர்கள். ஐம்பது கிராமைக் கையில் வைத்துக்கொண்டு, பிடித்தால் பிடிபடுகிறதா என்று பார்த்து, தேவையானால் மட்டும் போடுங்கள். சப்பாத்திக்குப் பிசைவதுபோல அழுத்திப் பிசைய வேண்டாம். பிடிபட்டதும் விட்டுவிடுங்கள்.

சின்ன நெல்லிக்காய் அளவு உருண்டை போதும். வெந்ததும் மேலே வெளுப்பாகத்தான் இருக்கும். சிவக்கட்டும் என்று காத்திருந்தால் அடி தீய்ந்துவிடும். சூட்டோடு தொட்டால் தூளாகிவிடும். தட்டிலேயே இருபது நிமிஷம் கிடக்கட்டும். பிள்ளைகளைச் சமையலறைப் பக்கம் விடாதீர்கள்.

அதனால் நீங்கள் குறிப்பு கொடுக்கும்போது எந்த ஓவன், தட்டை எந்த அடுக்கில் வைத்தேன், காற்றாடி ஓடியதா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பெரியம்மாவுக்கு அச்சை எண்ணெயில் சூடுகாட்டியது எப்படியோ, அப்படித்தான் எனக்கு என் ஓவன்.

நிஜமாகவே ஒரு பொருளை மறைத்துக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்களே?

இருக்கிறார்கள். எங்கள் குடும்பத்திலேயே உண்டு, பெயர் வேண்டாம். "தரமாட்டேன்" என்று நேராகச் சொல்லிவிடுவது எவ்வளவோ மேல். அது அவர் உரிமை. குறைத்துக் கொடுத்தால் கேட்டவருக்கு வெண்ணெயும் நேரமும் வீண். வெண்ணெய் விற்கிற விலைக்கு அது பாவம்.

முறுக்கு இரண்டே நாளில் நமத்துப்போகிறது. தமிழ்நாட்டில் பாட்டி செய்தது ஒரு மாதம் இருந்ததே?

தமிழ்நாட்டு உள்ளூர்க் காற்று அல்ல இது. இங்கே காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். அதிலும் தீபாவளி நெருங்க நெருங்க மழைக்காலம் பிறந்துவிடும். முறுக்கைத் தாம்பாளத்தில் பரப்பி, கை வைத்துப் பார்த்துச் சூடே இல்லை என்றானதும் உடனே டப்பாவில் அடைத்துவிட வேண்டும். வெதுவெதுப்பாக அடைத்தால் உள்ளேயே வேர்த்துவிடும். ஆறியபின் இரவெல்லாம் திறந்து கிடந்தாலும் போச்சு. பெரிய டப்பா ஒன்றைவிடச் சின்னது நாலு நல்லது, ஏனென்றால் வருகிறவர் போகிறவர் எல்லாரும் திறந்து மூடுவது ஒரு டப்பாவோடு நிற்கும்.

நமத்ததைத் தூக்கிப் போடாதீர்கள். 130 டிகிரி ஓவனில் ஏழெட்டு நிமிஷம் வைத்து ஆறவிட்டால் மொறுமொறுப்பு திரும்பிவிடும். சிக்கு வாடை அடித்தால் அது வேறு விஷயம், எண்ணெய் கெட்டுவிட்டது. குப்பைதான்.

மாமியார் முட்டை சாப்பிட மாட்டார். கேக்கில் முட்டைக்குப் பதில் என்ன?

எந்தக் கேக் என்பதைப் பொறுத்தது. பாண்டான் ஷிஃபான் கேக் என்றால் ஆசையை விட்டுவிடுங்கள். அதன் உயரமே அடித்த வெள்ளைக்கருதான். அதை எடுத்துவிட்டால் பெயர் மட்டும்தான் மிஞ்சும். சாதாரண வெண்ணெய் கேக், வாழைப்பழக் கேக், கப் கேக் என்றால் தைரியமாக மாற்றலாம். ஒரு முட்டைக்குக் கால் கப் கெட்டித் தயிர் போடுங்கள், மாவில் கொஞ்சம் சமையல் சோடா இருக்கட்டும். தயிரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்து பொங்கிக் கேக்கை எழுப்பும். கலந்த பிறகு தொலைபேசியில் பேசிக்கொண்டு நிற்காதீர்கள். பொங்குவது அடங்குமுன் ஓவனுக்குள் போய்விட வேண்டும். கண்டென்ஸ்டு மில்க் ஊற்றிச் செய்யும் கேக் இன்னும் மென்மை. ஆனால் அதிலேயே சீனி இருப்பதால் தனிச் சீனியை நன்றாகக் குறைக்க வேண்டும்.

முட்டையே இல்லாத கஸ்டர்டு பொடி 1837இல் வந்தது. ஆல்ஃபிரட் பேர்ட் என்ற ஆங்கிலேயர், முட்டை ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காகச் சோளமாவில் செய்தது அது. மாமியாருக்காக நாம் படும் பாட்டுக்கு முன்னோடி என்று வைத்துக்கொள்ளலாம்.

கண்ணில் படாத முட்டையையும் பாருங்கள். அன்னாசிப்பழ டார்ட்டின் பளபளப்பு மேலே தடவிய மஞ்சள்கருவால் வருவது. சைவக்காரருக்கு என்றால் பாலைத் தடவுங்கள், பளபளப்பு கொஞ்சம் குறையும். அடுத்தது ஜெலட்டின். ஓவனில் வைக்காமல் உறையவிடும் சீஸ் கேக்கிலும் மார்ஷ்மெல்லோவிலும் இருக்கும், விலங்கின் எலும்பு, தோலிலிருந்து வருவது. நமக்குத்தான் அகர் அகர் இருக்கிறதே. கடற்பாசி, சந்தேகத்துக்கே இடமில்லை. ஆனால் அது வாயில் கரையாது, கடிபடும். தேங்காய்ப் பாலும் குலா மலாக்காவும் (தென்னை வெல்லம்) சேர்ந்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

எதிர்வீட்டு மலாய்க் குடும்பத்துக்குக் கேக் கொடுக்க ஆசை. எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பன்றிக்கொழுப்பும் மதுவும் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். அவை எங்கெங்கே ஒளிந்திருக்கும் என்பதுதான் விஷயம். சூஜி (ரவை) கேக்கில் ஒரு மூடி பிராந்தி விடுவது யுரேசியர் வீடுகளிலிருந்து நமக்கும் தொற்றிய பழக்கம். கிறிஸ்துமஸ் பழக் கேக்கில் ரம். வெனிலா எசன்ஸ் சிலவற்றில் ஆல்கஹால் உண்டு, பாட்டிலைப் படியுங்கள். ஜெலட்டின், ஷார்ட்டனிங் இரண்டையும் ஹலால் முத்திரை பார்த்து வாங்குங்கள்.

பலருக்குத் தோன்றாதது பூசும் தூரிகை. வெண்ணெய் தடவும் தூரிகைகளில் சில பன்றி மயிரில் செய்தவை. எனக்கே எதிர்வீட்டு அக்கா சொல்லித்தான் தெரியும். என் கையிலிருந்த தூரிகையைப் பார்த்துவிட்டுச் சங்கடப்பட்டுக்கொண்டே சொன்னார். மறுநாளே சிலிக்கோன் தூரிகைக்கு மாறிவிட்டேன். இப்போது வீட்டில் அது ஒன்றுதான்.

இவ்வளவும் பார்த்த பிறகும், நம் வீட்டில் பன்றி இறைச்சி சமைத்த பாத்திரங்கள் புழங்கினால் அவர்கள் தயங்கலாம். நேராகக் கேட்டுவிடுவதே மரியாதை. "அக்கா, இது வீட்டில் செய்தது, இன்னின்னது போட்டிருக்கேன், சாப்பிடுவீங்களா?" தயங்கினால் கடையில் வாங்கிய ஹலால் முத்திரைப் பெட்டியோ ஒரு சீப்பு வாழைப்பழமோ கொடுங்கள். முகம் கோண வேண்டாம். நம் பக்கமும் அதே கணக்குதான். மாட்டு ஜெலட்டின் வேண்டாம் என்கிற இந்துக்கள் உண்டு. சீனப் பலகாரங்கள் சிலவற்றில் பன்றிக்கொழுப்பு சேர்வதால் கேட்டுச் சாப்பிடுகிற சைவக்காரர்களும் உண்டு.

மாமனாருக்குச் சர்க்கரை நோய். குறிப்பில் சீனியைப் பாதியாக்கலாமா?

கால் பங்கு குறைத்தால் பெரும்பாலான கேக்குகள் தாங்கும். பாதியாக்கினால் வறண்டுவிடும், ஏனென்றால் ஈரத்தைப் பிடித்துவைப்பதும் சீனிதான். குலா மலாக்காவுக்கு மாற்றிவிட்டேன், அதனால் பரவாயில்லை என்று சொல்லாதீர்கள். அதுவும் சீனிதான். கேக்கைச் சின்னதாக வெட்டுங்கள்.

மதியம் செய்ததை மாலை விருந்துக்கு எடுத்துப்போகலாமா? எவ்வளவு நேரம் வெளியே இருக்கலாம்?

முறுக்கு, பிஸ்கட், உலர்ந்த கேக் பற்றிக் கவலை இல்லை. கிரீம் தடவிய கேக், கஸ்டர்டு, தேங்காய்ப் பால் சேர்ந்த குவே (மலாய்ப் பலகாரம்), புளியோதரை, தேங்காய்ச் சாதம் ஆகியவைதான் ஆபத்து. கிருமிகள் பெருகுவது 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில். சிங்கப்பூரின் எந்த மேசையும் அதற்குள்தான் இருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிடவோ குளிர்பதனப் பெட்டியில் வைக்கவோ பாருங்கள். நாலு மணி தாண்டினால் யார் செய்ததென்று பார்க்காமல் கொட்டிவிடுங்கள். முகர்ந்து பார்த்து ஒன்றும் தெரியாது. சோற்றில் வரும் ஒருவகைக் கிருமியின் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது.

அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் நடக்கும் கல்யாணத்துக்கு எடுத்துப்போகும்போது ஐஸ் பொட்டலத்தோடு குளிர்ப்பையில் வையுங்கள். கிரீம் பூச்சு அங்கே அரை மணி நேரம்கூடத் தாங்காது.

பேரப்பிள்ளையின் பாலர் பள்ளிக்குக் கொடுத்தனுப்பலாமா?

முதலில் ஆசிரியரைக் கேளுங்கள். பிறந்தநாள், ஜூலை 21 இன நல்லிணக்க நாள் என்றால் நமக்குக் கை பரபரக்கும். ஆனால் வேர்க்கடலை, முந்திரி அறவே கூடாது என்று வைத்திருக்கும் பள்ளிகள் உண்டு. அனுமதித்தால் சேர்த்த பொருள் எல்லாவற்றையும் சீட்டில் எழுதி ஒட்டுங்கள். கோதுமை, முட்டை, பால், வேர்க்கடலை, சோயா, மற்ற கொட்டைகள் ஆகியவற்றைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். "இது வெறும் அரிசி மாவு முறுக்கு, கோதுமை ஒத்துக்காதவங்களும் சாப்பிடலாம்" என்று ஒரு தோழியிடம் ஒருமுறை நானே வாய்விட்டேன். கடைப் பெருங்காயத் தூளில் கோதுமை மாவு கலந்திருப்பது வழக்கம் என்று அப்போது தெரியாது. நல்லவேளை, அந்தத் தோழி பாட்டிலைக் கொண்டுவரச் சொல்லிப் படித்தாள்.

எல்லாரும் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். காசுக்கு விற்கலாமா?

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டிலிருந்து சின்ன அளவில் விற்கலாம், அதற்கென ஒரு திட்டமே இருக்கிறது. சிங்கப்பூர் உணவு அமைப்பின் உரிமம் வேண்டியதில்லை. ஆனால் சுத்தம், பாதுகாப்பு பற்றிய அதன் வழிகாட்டிகளைப் பின்பற்ற வேண்டும். பெயர்ப்பலகை மாட்டக் கூடாது, அக்கம்பக்கத்துக்குத் தொல்லை கூடாது, வீட்டில் வசிப்பவர்கள்தான் வேலை செய்யலாம். வீட்டுப் பணிப்பெண்ணை விற்பனைப் பலகாரத்துக்கு மாவு பிசையச் சொல்வது தவறு. அவருடைய வேலை அனுமதி வீட்டு வேலைக்கு மட்டும்தான். தொடங்கும் முன் வீவகவின் இன்றைய விதிகளை ஒரு தடவை படித்துவிடுங்கள்.

நான் விற்பதில்லை. ஒரு தீபாவளிக்கு விற்றுப் பார்த்தேன். அறுபது டப்பா. அந்த வருஷம் எங்கள் வீட்டில் பலகாரமே இல்லை.

ஒருவர் எனக்குக் கொடுத்த குறிப்பை நான் இன்னொருவருக்குக் கொடுக்கலாமா?

பொருள்களின் பட்டியலுக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. புத்தகத்தில் ஒருவர் தம் வார்த்தையில் எழுதிய விளக்கத்தையும் படத்தையும் அப்படியே பிரதியெடுத்துச் சுற்றுக்கு விடுவது வேறு கதை. வீட்டுக்குள் புழங்கும் குறிப்புக்கு நான் வைத்திருக்கும் கட்டுப்பாடு இரண்டு. கொடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்பேன். தலைப்பில் அவர் பெயர் இருக்கும். என் நோட்டில் "தோ பாயோ பெரியம்மா அச்சு முறுக்கு" என்றுதான் இருக்கிறது. பெரியம்மா போய் ஏழு வருஷமாகிறது. அவரைப் பார்த்தே இராத மருமகள்கள்கூட அந்தப் பெயரைச் சொல்லித்தான் குறிப்பைக் கேட்கிறார்கள்.

மாற்றம் செய்தால் அதையும் எழுதுங்கள். "பெரியம்மா போட்டது மூன்று முட்டை, நான் போடுவது இரண்டு" என்று. இல்லாவிட்டால் உங்கள் தப்பு அவர் தலையில் விழும்.

மகள் ஆஸ்திரேலியாவில் படிக்கிறாள். பிஸ்கட் எடுத்துப்போகலாமா?

எதுவானாலும் விமானத்தில் தரும் படிவத்தில் உணவு இருக்கிறது என்று குறிக்கச் சொல்லுங்கள். அறிவித்த பொருளை அதிகபட்சம் எடுத்துக்கொள்வார்கள். மறைத்தால் அபராதம். ஊறுகாயையும் குலா மலாக்கா பாகையும் கைப்பையில் வைக்காதீர்கள், திரவத்துக்கு 100 மில்லி கட்டுப்பாடு இருக்கிறது.

பலகாரம் வந்த டப்பாவைக் காலியாகத் திருப்பிக் கொடுக்கலாமா?

என் அம்மா ஒருநாளும் விட்டதில்லை. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் அனுப்புவார். அவசரத்துக்கு இரண்டு ஆரஞ்சுப் பழம் போதும். இதற்கென்று தனியாக ஓவனை மூட்ட வேண்டாம். நாளைக்கு வேறு எதையாவது செய்யும்போது நாலு கூடப் போட்டால் சரி.

எதிர்வீட்டுக்கும் எங்களுக்கும் இடையில் சிவப்பு மூடி போட்ட டப்பா ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. நோன்புப் பெருநாளுக்கு அதில் குவே வரும், தீபாவளிக்கு முறுக்காகப் போகும், சீனப் புத்தாண்டுக்கு மூன்றாவது வீட்டுக்கும் ஒரு நடை போய் அன்னாசிப்பழ டார்ட்டோடு திரும்பும். போன மாதம் கழுவும்போது மூடி விரிசல் விட்டுவிட்டது. புது மூடி வாங்கிவைத்திருக்கிறேன், ஆனால் டப்பா யார் வீட்டுடையது என்று கேட்டால் மூன்று வீட்டிலும் யாருக்கும் தெரியவில்லை.